விரல் நோட்டில் இல்லாத விரல்

நம் வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிறோம். அடுத்து முழங்கால். பிள்ளைகளைப் பற்றிய விசாரிப்பு மூன்றாவதாகத்தான் வருகிறது. பயத்தைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் நான் மணிக்கணக்கில் பேசுவேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. லிஃப்டுக்குப் பயம், மாட்டுக்குப் பயம், பேங்கிலிருந்து போன் வந்தால் பயம். "அத்தை, ஒங்களுக்குப் பயம் இல்லாத ஒண்ணே ஒண்ணச் சொல்லுங்க பாப்போம்" என்று என் மருமகன் கிண்டல் செய்வார்.

அவையெல்லாம் சில்லறைப் பயங்கள். என் ஆயுளுக்கும் போதுமான பயம் பதினோரு வயதில், ஒரு பண்டிகைக்கு முந்திய நான்கு வாரங்களில், மூன்று பட்டன் வைத்த பித்தளைக் குழல் ஒன்றின் வழியாக எனக்குள் வந்தது. உங்களில் விடுதியில் வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் அழுகையையும் நிறுத்தியவர்கள். உங்களுக்கு இது புரியும் என்ற தைரியத்தில்தான் சொல்லத் துணிகிறேன்.

பாளையங்கோட்டையில் மிஷன் நடத்திய பெண்கள் பள்ளி அது. அங்கே ஒரு பேண்ட் குழு இருந்தது. என் காலத்துக்கு முன்பே தன் ஊருக்குத் திரும்பிவிட்ட வெள்ளைக்கார அம்மா ஒருத்தி தொடங்கியது. பேண்டில் இடம் கிடைத்த பிள்ளைக்கு விடுதியில் தங்கலும் சாப்பாடும் இனாம். மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. பேண்டில் இருந்தால் எனக்குப் படிப்பு, இல்லையென்றால் ஊர். விஷயம் அவ்வளவுதான்.

ஊரில் ஒரு முறம் எனக்காகக் காத்திருந்தது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றினாள். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த லீவிலேயே எனக்கென்று ஒரு சின்ன முறம் வாங்கி, விளிம்பில் சிவப்புத் துணி வைத்துத் தைத்து, தன் முறத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டாள். எனக்குச் சிவப்பு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்போடுதான் தைத்தாள். ஆனால் நான் அந்த முறத்தின் பக்கமே போகமாட்டேன். லீவு முடிந்து பஸ் ஏறும்போது அது சுவரோரம் உட்கார்ந்து, "போயிட்டு வா, நான் எங்கயும் போகல" என்று சொல்வதுபோல இருக்கும்.

பேண்டில் எனக்குக் கிடைத்தது பேஸ். டியூபா என்று அதற்குப் பெயர் இருப்பது பிற்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மற்ற வாத்தியங்கள் எல்லாம் மேலே பாடிக்கொண்டிருக்க, இது அடியில் நின்று உறுமும். மடியில் வைத்தால் என் முகம் மறைந்துவிடும். அதை வாசித்தவள் பேஸ் அக்கா. எட்டாம் வகுப்பு, சீவலப்பேரிக்காரி. நான் அவளுக்கு அடுத்தவள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வாசிக்க ஓர் ஆள் வேண்டுமே என்று என்னை வைத்திருந்தார்கள். அவளுக்கோ காய்ச்சலே வராது. எனக்கு எதையும் சொல்லித் தரவும் மாட்டாள். குழலில் தேங்கும் எச்சில் தண்ணீரை வடிப்பதும், வாய் வைக்கும் கிண்ணத்தைத் துடைப்பதும் என் வேலை. துடைக்கிற துணி அவளுடைய பழைய பாவாடையில் வெட்டியது. பச்சையில் மஞ்சள் புள்ளி போட்டது. அந்தத் துணியைத் தவிர வேறு துணி பட்டால் தலையில் ஒரு கொட்டு விழும்.

எங்கள் யாருக்கும் சுரங்களின் பெயர் தெரியாது. வெள்ளைக்கார அம்மா போகும்போது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு நோட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். பாட்டின் ஒவ்வொரு அசைக்கும் கீழே எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று நீல மையில் எண் போட்டிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றும் இரண்டும் சேர்ந்து, இப்படி. எதையும் அமுக்க வேண்டாம் என்றால் ஒரு சைபர். அதை நாங்கள் "சும்மா" என்போம். ஒண்ணு, சும்மா, ரெண்டு, ஒண்ணு-ரெண்டு என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லித்தான் பாட்டுப் படித்தோம். அதற்கு விரல் நோட்டு என்று பெயர். வேதப் புத்தகத்துக்கு அடுத்தபடி அந்தப் பள்ளியில் மரியாதை அதற்குத்தான். அதில் பென்சில் படக் கூடாது. பாட்டு டீச்சருக்கே ஆர்மோனியம் தெரியுமே தவிர, குழல் வாத்தியம் ஊதத் தெரியாது. நோட்டில் உள்ளபடி விரல் விழுகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய பயிற்சி.

அந்த வருஷம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பேராயர் வருவதாக இருந்தது. ஒரு மாதம் முன்னால் விடுதி அம்மா பேண்ட் அறைக்கு வந்து எங்களை எண்ணினார். என் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"ஒரு பேஸுக்கு ரெண்டு பிள்ளை எதுக்கு? பண்டிகை முடியட்டும். ஒருத்தி போதும்."

அந்த ஒருத்தி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு முதலில் காது அடைத்தது. பிறகு அந்தச் சிவப்பு விளிம்பு கண்ணுக்குள் வந்தது. மறுநாள் காலை ஜெபத்தில் எல்லாரும் நாட்டுக்காகவும் மழைக்காகவும் வேண்டியபோது, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அக்கா இடம் எனக்கு வேணும்" என்று கேட்டேன். அப்படியே கேட்டேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இரண்டு நாளில் பேஸ் உடைந்தது. பண்டிகைக்காகப் புளி போட்டுத் துலக்கும்போது அடிக் குழாயில் பற்றவைத்த இடம் விட்டுவிட்டது. ஊதினால் காற்றுதான் வந்தது. அதை மதுரைக்கு அனுப்பினார்கள். நான் செய்த ஜெபம்தான் அதை உடைத்தது என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. யாரிடம் சொல்ல முடியும்?

அதற்குப் பதிலாக ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஓர் ஊர் ஆலயத்தில் தொடுவாரில்லாமல் கிடந்த பேஸ் ஒன்றை இரவல் வாங்கினார்கள். வாழைத்தார் ஏற்றி வந்த லாரியில், வாழைச் சருகு சுற்றி வந்து இறங்கியது. எங்களுடையதைவிட அது பெரிது. பச்சை ஏறி, மேலெல்லாம் வாழைக்கறை. சனிக்கிழமை துணி துவைக்கக் கால்வாய்க்குப் போனபோது அதையும் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். தண்ணீருக்குள் முக்கினதும் அகன்ற வாயிலிருந்து குளவிக்கூடு ஒன்று கரைந்து செம்மண்ணாக ஓடியது. பிள்ளைகள் சிரித்தார்கள். பேஸ் அக்கா ஒரு யானையைக் குளிப்பாட்டுவது போல அதைத் தேய்த்தாள். எனக்கு அதைத் தொடவே பயம். அந்தக் கறுத்த ஓட்டைக்குள்ளிருந்து எனக்கு வர வேண்டிய தண்டனை எட்டிப் பார்க்கிறது என்று நினைத்தேன்.

"பெருசு சிறுசு, அவ்ளோதான வித்தியாசம்? மூணு பட்டன் இருக்கு, நோட்டு இருக்கு, வாசி" என்றார் பாட்டு டீச்சர்.

பேஸ் அக்கா வாசித்தாள். பாட்டு மேலே இருக்கும்வரை அழகாகப் போயிற்று. அடிக்கு இறங்கியதும் வழுக்கியது. ஒவ்வொரு பாட்டும் கடைசியில் அடியில் வந்து நிற்கும் ஒரு சுரம் உண்டு. எல்லா வாத்தியமும் வீடு வந்து சேரும் இடம் அது. அங்கே நோட்டில் சைபர். அக்கா எல்லாப் பட்டனையும் விட்டுவிட்டு ஊதினாள். மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குள் போய்விட, அவள் மட்டும் ஒரு படி மேலே வாசலில் நின்றாள். கேட்கவே கூசியது.

திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். திரும்ப அதே இடம், அதே தப்பு. உதட்டை இறுக்கிப் பார்த்தாள், தளர்த்திப் பார்த்தாள். குழாயைக் கவிழ்த்து இன்னும் குளவிக்கூடு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள். நோட்டில் இருந்த விரலை மட்டும் அவள் மாற்றவில்லை. மாற்றலாம் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வாரம் இப்படியே போனது. பெரியவர்கள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். அக்கா அதற்கு முந்திய மாதம்தான் வயதுக்கு வந்திருந்தாள். சேதி அறிந்து அவளுடைய அம்மா பலகாரத்தோடு வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி தப்பே விடாத பிள்ளை. இப்ப நோட்டு முன்னால இருக்கு, விரல் சரியாத்தான் விழுது, சத்தம் மட்டும் தப்பா வருது. மனசு எங்கயோ அலையுது" என்று பாட்டு டீச்சர் விடுதி அம்மாவிடம் சொன்னார்.

"பெரியவளாயிட்டாள்லா. இனிமே அப்படித்தான். அவ அப்பாவுக்கு எழுதிருதேன். பண்டிகைக்கு வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

விரல் சரியாகத்தான் விழுகிறது என்று டீச்சரே சொன்னார் பாருங்கள். சொல்லிவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டார். இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அப்போது நான் வாசற்கதவுக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொண்டது வேறு பாடம். வயதுக்கு வந்தால் விரல் செத்துவிடும். அன்றிலிருந்து லேசாக வயிறு வலித்தாலும் எனக்கு உயிர் போகும்.

அக்காவைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். பண்டிகை வரைக்கும் வெங்காயம் உரிக்கிற வேலை. குழல் என் மடிக்கு வந்தது. நான் கேட்ட இடம், கேட்டபடியே.

வாசித்தேன். மேலே சரியாக வந்தது. அடியில் இறங்கினேன். ஒரு படி மேலே, வாசலில் போய் நின்றேன். அக்கா நின்ற அதே இடம்.

டீச்சர் திட்டவில்லை. நோட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "உனக்குமாட்டி?" என்றார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. "திங்கக்கெழமை வரைக்கும் பாப்பேன். இல்லைன்னா பேஸ் இல்லாமலே வாசிச்சிக்கிடலாம்."

அந்த நாட்களை எப்படிச் சொல்ல? எனக்கு நடப்பது தண்டனை என்று உறுதியாகத் தெரிந்தது. அக்காவின் இடத்தைக் கேட்டேன். அவளுடைய இடம் அவளுடைய தப்போடு சேர்ந்தே வந்துவிட்டது. சக பிள்ளைகள் எனக்கும் ஏதோ ஒட்டுவாரொட்டி வந்துவிட்டது போலத் தள்ளி உட்கார்ந்தார்கள். கணக்கு வகுப்பில் முறத்தின் சிவப்பு விளிம்பு கரும்பலகையைச் சுற்றித் தெரியும். இன்றைக்கும் சில கனவுகளில் தெரிகிறது.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் எல்லாரும் படுத்திருக்க வேண்டும். நான் விடுதி அம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, விறகுக் கொட்டகையில் குழலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேப்பம் பட்டை வாசனை. மேலே தகரம் வெயிலில் சுட்டுப் பட் பட்டென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பண்டிகைப் பாட்டை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். கடைசிச் சுரம் நெருங்க நெருங்கக் கை பதறத் தொடங்கியது. இதோ வருகிறது, இதோ வருகிறது என்று உடம்பு முழுக்கச் சுருங்கியது. அந்தச் சுரத்துக்கு எல்லா விரலையும் தூக்க வேண்டும். தூக்கினேன். பயத்தில் முதல் விரல் மட்டும் வெட்டி இழுத்துப் பட்டன் மேல் விழுந்து அழுந்திவிட்டது.

குழல் வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்தச் சத்தத்தை நான் மடியில், வயிற்றில், பல்லில் உணர்ந்தேன். சந்தோஷம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? குலைநடுங்கிப் போனேன். தப்பான விரலுக்குச் சரியான சத்தம் வந்தால் அது யாருடைய வேலை? குழலைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வெளியே ஓடினேன். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன். பிறகு பைய உள்ளே வந்து திரும்ப வாசித்தேன். நோட்டுப்படி சும்மா வைத்தால் வாசல். முதல் விரல் வைத்தால் வீடு. பத்துத் தடவை பார்த்தேன், பத்துத் தடவையும் அப்படியே.

மீதியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மேல் சுரங்களுக்கு நோட்டு சரி. அடியில் உள்ள நான்குக்குத்தான் தகராறு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பட்டனையும் மாற்றி மாற்றி அமுக்கி, காது ஒத்துக்கொள்ளும்வரை தேடினேன். நோட்டில் சும்மா என்றால் ஒண்ணு. நோட்டில் ரெண்டு என்றால் ஒண்ணு-ரெண்டு. ஒண்ணு-ரெண்டு என்றால் ஒண்ணு-மூணு. ஒண்ணு-மூணு என்று போட்டிருந்த ஆக அடிச் சுரத்துக்கு எதுவுமே வேண்டாம், சும்மா. அம்மா முறுக்கு பொதிந்து அனுப்பியிருந்த பீடி லேபிள் தாளின் பின்பக்கம் அதை எழுதி ஜம்பர் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

அது ஏன் என்று அப்போது தெரியாது. இரண்டு குழல்களுக்கும் நீளம் வேறு, சுருதி வேறு, ஆகவே விரலும் வேறு என்பதை என் மகன் போனில் தேடிக் காட்டியபோது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல். எங்கள் நோட்டு சின்னக் குழலுக்கு எழுதியது. அந்த எண்கள் பாட்டுக்குச் சொந்தம் என்று நாங்கள் நினைத்தோம். அவை குழலுக்குச் சொந்தம்.

ஆனால் ஒன்று அந்தக் கொட்டகையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவின் விரலில் ஒரு குறையும் இல்லை. அவள் நோட்டில் உள்ளதை அப்படியே செய்தாள், அவ்வளவுதான்.

சமையலறைக்குப் போனேன். அக்கா வெங்காயக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, வெங்காயமா வேறெதுவுமா தெரியவில்லை. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜம்பருக்குள் அந்தத் தாள் குத்தியது.

"என்னட்டி நிக்க? விரல் வருதா?"

இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் அக்கா எழுந்து போய் வாசிப்பாள். என்னைவிட நன்றாக வாசிப்பாள். ஒரு பேஸுக்கு ஒருத்தி போதும். நான் பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போய் இறங்குவேன்.

"பழகப் பழக வருது அக்கா" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓ, வருதா" என்றாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பச்சைத் துணியை எடுத்து என் பக்கம் எறிந்தாள். "இந்தா. வேற துணி போட்டுத் தொடைக்காத. தொலைச்சிராத."

திங்கட்கிழமை வாசித்துக் காட்டினேன். டீச்சர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் சரியாக வருகிறதா என்ற கவலையில் என் விரலைப் பார்க்கவில்லை. கடைசிச் சுரம் வீடு வந்து சேர்ந்ததும் கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்றார்.

பண்டிகையன்று பேராயருக்கு முன்னால் பேண்ட் ஊர்வலமாகப் போனது. குழலை வார் போட்டு என் தோளில் மாட்டிவிட்டிருந்தார்கள். பள்ளி வாசலில் தொடங்கி, சமையலறைப் பக்கமாகச் சுற்றி, ஆலயத்துக்கு. சமையலறை முற்றத்தில் வந்து நின்று பாட்டை முடிக்க வேண்டும். அங்கே வேப்பமரத்தடியில் அக்கா நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா, தோளில் துண்டோடு, கையில் அவளுடைய தகரப் பெட்டி. நான் அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். ஆனால் வரிசை சரியாக அவளுக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு அடி தூரம். கடைசிச் சுரத்தை எட்டு எண்ணும்வரை பிடிக்க வேண்டும்.

முதல் விரலை அமுக்கினேன்.

ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கும்போது அவள் கண் என் கைக்கு வந்தது. மூன்றில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சுரத்துக்கு நோட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். நான்கில் அவள் கண் என் முகத்துக்கு ஏறியது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. அவ்வளவு நீளமான சுரத்தை நான் வாழ்நாளில் வாசித்ததில்லை. விரலை எடுக்க முடியாது, எடுத்தால் தப்பு வரும். மறைக்கவும் முடியாது. இரண்டு கையும் குழலோடு கட்டிப் போட்டது மாதிரி இருந்தது. அவள் இப்போது கத்தப்போகிறாள், இப்போது சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் அப்பா, "வாட்டி, பஸ்ஸு போயிரும்" என்றார். அவள் போய்விட்டாள்.

பின்னால் பாட்டு டீச்சர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "நோட்டப் பாத்து ஒழுங்கா வாசிச்சா எல்லாம் வரும்."

பச்சைத் துணி அடுத்த சனிக்கிழமையே கால்வாயில் போய்விட்டது. துவைக்கும்போது கையிலிருந்து நழுவியதா, நானே விட்டேனா என்று இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. தேடவில்லை என்பது மட்டும் நிச்சயம். பெரிய குழல் வந்தபடியே வாழைத்தார் லாரியில் திரும்பிப் போனது. மதுரையிலிருந்து எங்கள் சின்னக் குழல் வந்து சேர்ந்தது. அப்போது இன்னொரு கூத்து. என் விரல்கள் பெரிய குழலின் கணக்கிலேயே விழுந்தன. சின்னதில் கடைசிச் சுரத்துக்கு ஒண்ணை வைத்தேன், ஒரு படி இறங்கிப் போயிற்று. இரண்டு நாள் அப்படியே.

"இவளும் பெரியவளாகப் போறா போலிருக்கு" என்றார் டீச்சர்.

மூன்றாம் நாள் திருத்திக்கொண்டேன். அதற்குள் பாதி செத்துப்போனேன். பீடி லேபிள் தாளைச் சமையலறை அடுப்பில் போட்டேன். இனி யாருக்கும் எதுவும் தெரியாது, ஒருத்தியைத் தவிர.

நான் படித்தேன். டீச்சர் ட்ரெயினிங் முடித்தேன். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். அந்தச் சிவப்பு விளிம்பு முறத்தில் அம்மா கடைசிவரை கருவேப்பிலை காயப் போட்டாள். எல்லாம் அந்த ஒரு மத்தியானத்தில் வாயை மூடிக்கொண்டதால் வந்தது என்று எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூடத்து நிறுத்தத்தில் சீவலப்பேரி போர்டு போட்ட டவுன் பஸ் தினமும் நிற்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன். இறங்குகிறவர்களில் யாராவது என் விரலைப் பார்த்துவிடுவார்களோ என்று கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள். முப்பத்து மூன்று வருஷம் அப்படித்தான் நின்றேன்.

போன மாதம் சீவலப்பேரிக்குப் போகவேண்டி வந்தது. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரின் கணவர் இறந்துவிட்டார். தவிர்க்க முடியாத துக்கம். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். சபை ஐயர், அதாவது போதகர், ஜெபம் செய்தார். பிறகு எல்லாரும் பாடினார்கள். அதே பண்டிகைப் பாட்டின் ராகம், வார்த்தை மட்டும் வேறு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பாட்டுக் கேட்டால் வலது கை விரல்கள் முழங்காலில் தானாக அமுக்கும். பெரிய குழலின் விரல்கள்தான் வரும், சின்னதன் விரல் வராது. ஏனென்று தெரியவில்லை. பாட்டு முடிந்தது. என் முதல் விரல் முழங்காலில் அழுந்தி நின்றது.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை வந்து அந்த விரலைப் பிடித்தது. காய்த்துப்போன, கனமான கை.

"எட்டு எண்ணிட்டுத்தான் விடணும்" என்றாள் கிழவி.

பதினோரு வயதில் அந்த வேப்பமரத்துக்கு முன்னால் எனக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பல் பாதி இல்லை. முடி பஞ்சு. கண் மட்டும் அதே கண்.

"அக்கா" என்றேன்.

"துணிய என்ன செஞ்ச?"

"தொலைஞ்சிட்டு அக்கா."

"தொலைச்சிராதன்னு சொன்னேம்லா." கையை அவள் விடவில்லை. "அன்னைக்கு ஒன்னைய அடிச்சுக் கொல்லணும்னு இருந்துச்சு. பஸ்ஸுல இங்கன வந்து எறங்குத வரைக்கும் அழுதேன். அப்பா, சோறு போடலயா, அடிச்சாங்களான்னு கேக்காரு. என்ன சொல்ல? நோட்டு தப்பு, அந்தச் சின்னப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலன்னு சொல்லவா?"

வருஷக்கணக்காக நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று உண்டு. குழல் வேறு, சுருதி வேறு, உங்கள் விரலில் குறையில்லை, நான் பயந்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று வரிசையாக. அதில் "பயந்துட்டேன் அக்கா" என்ற ஒன்றுதான் வாயில் வந்தது.

"தெரியும். ஒம் மூஞ்சியத்தான் பாத்தேனே." அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அங்கே சவப்பெட்டியை மூடினார்கள், பெண்கள் அழுதார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அது கெடக்கட்டும். கடைசிச் சொரத்துக்கு ஒண்ணு. அத ஒங் கையிலயே பாத்துட்டேன். மத்த அடிச் சொரத்துக்கெல்லாம் என்ன விரல்? நடவுல நிக்கும்போது நாத்துக் கட்டப் பிடிச்சிக்கிட்டு அமுக்கி அமுக்கிப் பாப்பேன். கொழல் இல்லாம எப்படிக் கண்டுபிடிக்க? இத்தன வருசமா அது மட்டும் கெடைக்கல பாத்துக்க."

அவள் கையைத் திருப்பி அவள் முழங்காலிலேயே வைத்தேன். அவள் விரல்மேல் என் விரலை வைத்து அமுக்கினேன். வீட்டுச் சுரத்துக்கு ஒண்ணு. அதற்கு அடுத்த கீழ்ச் சுரத்துக்கு ஒண்ணு-ரெண்டு. அதற்கும் கீழே ஒண்ணு-மூணு. ஆக அடியில், சும்மா.

அவள் தானாக ஒரு தடவை செய்து பார்த்தாள். உள்தொண்டையில் முனகிக்கொண்டே இன்னொரு தடவை. மூன்றாம் தடவை விரல் தடுமாறாமல் இறங்கியது. கடைசியில் எல்லா விரலையும் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோதானாட்டி?"

"இவ்ளோதான் அக்கா" என்றேன்.